தானாக வரும் நிரல்: வரமா, சுமையா?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் கல்லூரி அடையாள அட்டையும் கம்பெனி அடையாள அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். கூடுவாஞ்சேரியை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஜோஹோ. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த நிறுத்தமான பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, அதற்குள் இன்ஃபோசிஸ். வாடகை குறைவு, ரயில் வசதி உண்டு என்று சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களில் பலருக்கும் தொழில் ஒன்றுதான். பொட்டி தட்டுவது!

இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சண்டை இருபது வருடங்களாக ஓயாமல் நடக்கிறது. இணையதளம் கட்ட ஃப்ரேம்வொர்க் தேவையா, தேவையில்லையா? ஒரு கட்டளை தட்டினால் அது தானாக எழுதிக் கொடுக்கும் நூற்றுக்கணக்கான வரிகளை நம்பலாமா, கூடாதா? ஒரு கட்சி, "சக்கரத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டுமா?" என்று கேட்கும். எதிர்க்கட்சி, "உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எப்படி ஓட்டுவது?" என்று கேட்கும். முன்பு ஸ்ட்ரட்ஸ் பற்றி நடந்த சண்டை பிறகு ரெய்ல்ஸ் பற்றி நடந்தது, அப்புறம் ரியாக்ட் பற்றி. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரல் பற்றி. பெயர்தான் மாறுகிறது.

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தானாக வந்த அந்த நிரல் நாளைக்கு உடைந்தால் யார் உட்கார்ந்து படிப்பது? பெரும்பாலும் அதை உருவாக்கியவர் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சப்போர்ட் பிரிவில் போடப்பட்ட 22 வயதுப் பையனோ பெண்ணோதான். அதனால் இந்த விவாதம் ருசி சம்பந்தப்பட்டதல்ல, பிழைப்பு சம்பந்தப்பட்டது.

ஒரு படிவத்துக்குப் பின்னால்

சின்ன உதாரணம். ஒரு கல்யாண மண்டபத்துக்கு இணையதளம் வேண்டும். வருபவர் தன் பெயர், போன் நம்பர், வேண்டிய தேதி மூன்றையும் நிரப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் தேவை. உள்ளே நடப்பதும் நான்கே வேலைதான். பிரவுசர் அந்த மூன்று விவரத்தையும் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அவை சரியா என்று பார்க்கிறது. டேட்டாபேஸில் ஒரு வரி சேர்க்கிறது. "பதிவாகிவிட்டது" என்று பதில் அனுப்புகிறது.

இதைக் கையால் பிஎச்பியில் எழுதினால் ஐம்பது அறுபது வரியில் முடிந்துவிடும். இதையே கிரியேட்-ரியாக்ட்-ஆப் என்ற கருவியை வைத்துத் தொடங்கிய மாணவர்களுக்கு, மண்டபத்தின் பெயரைக்கூட எழுதுவதற்கு முன்பே ஆயிரத்துக்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் கணினியில் வந்து இறங்கின. அதில் பத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தெரிந்தவர்கள் அபூர்வம்.

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் சன்னிதி குன்றைக் குடைந்து அமைத்தது. மூலவரை வலம் வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும், வேறு வழி கிடையாது. ஃப்ரேம்வொர்க்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். மூன்று கட்டம் உள்ள படிவம்தான் வேண்டும் என்றாலும் அதன் மொத்த அமைப்பையும் ஒரு சுற்று சுற்றியாக வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம், கோவிலில் பக்தருக்குத் தான் குன்றைச் சுற்றுகிறோம் என்று தெரியும்!

மென்பொருளில் இரண்டு வகைச் சிக்கல் உண்டு என்று ஃபிரெட் புரூக்ஸ் 1986-ல் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். ஒன்று, பிரச்சினைக்கே உரிய சிக்கல். ஒரே தேதியை இரண்டு பேர் கேட்டால் மண்டபத்தை யாருக்குக் கொடுப்பது? இது எந்தக் கருவி வந்தாலும் போகாது. இன்னொன்று, கருவியால் வந்து சேரும் சிக்கல். ஃப்ரேம்வொர்க் சண்டையில் முக்கால்வாசி இந்த இரண்டாவது வகையைப் பற்றியதுதான். முதல் வகையை யோசிக்க வேண்டிய நேரத்தை இரண்டாவது வகை தின்றுவிட்டால், அந்தக் கருவி உதவிக்கு வந்ததா, உபத்திரவத்துக்கு வந்ததா?

எந்திரம் எழுதக் கூடியது எதற்கு எழுதப்பட வேண்டும்?

2000-களின் தொடக்கத்தில் ஜாவா படித்தவர்களுக்கு இ.ஜே.பி. என்றாலே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். டேட்டாபேஸில் உள்ள ஒரு சாதாரண விஷயத்தைக் குறிக்க ஹோம் இன்டர்ஃபேஸ் ஒரு ஃபைல், ரிமோட் இன்டர்ஃபேஸ் ஒரு ஃபைல், பீன் கிளாஸ் ஒரு ஃபைல், போதாதற்கு எக்ஸ்எம்எல்லில் ஒரு விளக்கப் பட்டியல். ஒரே பெயரை நான்கு இடத்தில் எழுத வேண்டும். ஒரு இடத்தில் எழுத்துப்பிழை வந்தால் போச்சு.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக எக்ஸ்டாக்லெட் போன்ற கருவிகள் வந்தன. ஒரு ஃபைலில் குறிப்பு மாதிரி எழுதி வைத்தால் மீதி ஃபைல்களை அது உற்பத்தி செய்து தரும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தவர்கள் வேறு ஒன்று கேட்டார்கள். மூளையே தேவைப்படாமல் ஒரு எந்திரம் இந்த ஃபைல்களை எழுதிவிட முடியும் என்றால், அவை எதற்கு இருக்க வேண்டும்? ராட் ஜான்சன் 2002-ல் எழுதிய புத்தகம் இந்தக் கனத்தைக் கேள்வி கேட்டது. அதிலிருந்து ஸ்பிரிங் பிறந்தது. கடைசியில் 2006-ல் வந்த இ.ஜே.பி. 3.0 அந்தக் கூடுதல் ஃபைல்களில் பெரும்பாலானவற்றைத் தேவையில்லாமல் செய்துவிட்டது.

இதிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. ஒரு ஃப்ரேம்வொர்க் மலை மலையாக நிரலை உற்பத்தி செய்து கொடுத்தால், அது அந்தக் கருவியின் பலத்தைவிடப் பலவீனத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. மாறாத விஷயம் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். மாறக்கூடிய விஷயம் மட்டும்தான் நிரலாளர் கையில் வர வேண்டும்.

ஜாங்கோ இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவாகி, 2005-ல் வெளியே வந்தது. செய்தி அறைக்கு நாளைக்கே வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்த கருவி. அதில் உள்ள நிர்வாகப் பக்கம் நூறு ஃபைல்களை எழுதித் தருவதில்லை. "மண்டபப் பதிவுக்குப் பெயர், போன், தேதி உண்டு" என்று ஓர் இடத்தில் சொன்னால் அதைப் படித்து, ஓடும்போதே பக்கத்தைக் காட்டுகிறது. பராமரிக்க வேண்டிய வரிகள் நிரலாளர் எழுதியவை மட்டுமே.

சாரத்தில் குடித்தனம்

2004-ல் ரூபி ஆன் ரெய்ல்ஸ் வந்தது. பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பதிவையே கட்டிக் காட்டிய அதன் விளக்கப் படம் அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் நிரலைத் தானாக எழுதித் தரும் வசதிக்கு வைத்த பெயர் ஸ்காஃபோல்டு. தமிழில் சொன்னால் சாரம். கட்டடம் கட்டும்போது சவுக்குக் கம்பு கட்டி, அதன்மேல் நின்று பூசுவார்கள். வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஆனால் நடந்தது என்ன? பலர் சாரத்தைப் பிரிக்கவே இல்லை, அதிலேயே குடித்தனம் போனார்கள். தானாக வந்த நிரலில், படிவத்திலிருந்து வந்த எல்லா விவரத்தையும் அப்படியே வாங்கி டேட்டாபேஸில் போடும் ஒரு வரி இருந்தது. பார்க்க அழகான வரி. வேலையும் செய்தது. ஆனால் படிவத்தில் இல்லாத விவரத்தையும் ஒருவர் சேர்த்து அனுப்பினால்? உதாரணமாக, மாணவர் தன் போன் நம்பரை மாற்றும் பக்கத்தில், "நான் நிர்வாகி" என்று ஒரு விவரத்தையும் சேர்த்து அனுப்பினால்? டேட்டாபேஸில் அப்படி ஒரு கட்டம் இருந்து, நிரலாளர் தனியாகத் தடுத்திருக்காவிட்டால், அதுவும் பதிவாகிவிடும்.

இது கற்பனை அல்ல. 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்திலேயே இந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் ரெய்ல்ஸின் மூல நிரல் தொகுப்புக்குள் எழுதிக் காட்டினார். திருட வரவில்லை, எச்சரிக்கத்தான் வந்தார். ரெய்ல்ஸை ஆழமாகத் தெரிந்தவர்கள் நடத்திய தளம் அது. அங்கேயே அப்படி என்றால், இறுதியாண்டு ப்ராஜெக்ட் எந்த மூலைக்கு? அதன்பிறகு ரெய்ல்ஸ் தன் வழக்கத்தை மாற்றியது. 2013-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து எந்தெந்த விவரத்தை ஏற்கலாம் என்று நிரலாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

தானாக வந்த நிரலின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அது தப்பாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். பாதி சரியாக இருந்து, வேலையும் செய்துகொண்டிருந்தால் யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

எதிர்க்கட்சியின் நியாயம்

அப்படியானால் எல்லாவற்றையும் கையாலேயே எழுதிவிடலாமா? அதுவும் சரிப்படாது. 2000-களில் கையால் எழுதப்பட்ட பிஎச்பி பக்கங்களின் லட்சணம் பலருக்கு நினைவிருக்கும். பயனர் தட்டியதை அப்படியே எஸ்க்யூஎல் வாக்கியத்தில் ஒட்டி அனுப்புவார்கள். பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியைச் சரியான இடத்தில் போட்டால் கதவு திறந்துவிடும். பழைய பிஎச்பியில் ரெஜிஸ்டர்-குளோபல்ஸ் என்ற வசதியை இயக்கி வைத்திருந்தால், முகவரிப் பட்டையில் எழுதுவதெல்லாம் நிரலின் மாறிகளாகவே மாறிவிடும்! 2012-ல் வந்த 5.4 பதிப்பில்தான் அதைத் தூக்கினார்கள்.

இந்த ஓட்டைகளை அடைத்ததில் ஃப்ரேம்வொர்க்குகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜாங்கோவில் வழக்கமான முறையில் எழுதினால் எஸ்க்யூஎல் ஒட்டு வேலைக்கே இடமில்லை. பக்கத்தில் காட்டும் எழுத்துகளில் உள்ள ஆபத்தான குறிகளை அது தானாகவே செயலிழக்கச் செய்கிறது. வேறொரு தளத்திலிருந்து வரும் போலிப் படிவத்தைத் தடுக்க ரகசியக் குறி வைக்கிறது. இதையெல்லாம் ஒரு இருபது வயது மாணவர் தானே யோசித்து, ஒன்றுவிடாமல் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

இன்னொரு நியாயமும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கொரு பாணியில் எழுதினால் நாறிப்போகும். எந்த ஃபைல் எங்கே இருக்கும் என்று ஃப்ரேம்வொர்க் ஓர் ஒழுங்கைக் கொடுக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அடுத்தவர் வந்து ஆணி பிடுங்கலாம்.

ஆக, ஃப்ரேம்வொர்க் வேண்டாம் என்பது வாதமே அல்ல. மற்றவர்களின் அனுபவத்தை இரவல் வாங்குவது புத்திசாலித்தனம்தான். வாங்கியது என்ன என்று தெரியாமல் வாங்குவதில்தான் வம்பு.

மூடி வைத்தது கசியும்

ஜோயல் ஸ்போல்ஸ்கி 2002-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். சிக்கலை மூடி மறைக்கும் எந்த ஏற்பாடும் ஏதோ ஓர் இடத்தில் கசியத்தான் செய்யும் என்பது அதன் சாரம். கசியும்போது உள்ளே இருப்பது தெரிந்தவர்தான் சமாளிக்க முடியும். அதனால் கருவி வேலை நேரத்தை மிச்சம் பிடிக்கும், படிக்க வேண்டிய நேரத்தை மிச்சம் பிடிக்காது.

மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி.நெட் 2002-ல் வந்தபோது, விண்டோஸ் புரோகிராம் எழுதுவது போலவே பட்டனை இழுத்துப் போட்டு இணையதளம் கட்டலாம் என்றது. ஒவ்வொரு கிளிக்குக்கும் நடுவே எல்லாவற்றையும் மறந்துவிடுவது இணையத்தின் இயல்பு. அந்த மறதியை மறைக்க, பக்கத்தின் நிலை முழுவதையும் வியூஸ்டேட் என்ற மறைவான கட்டத்தில் எழுதி, போகும்போதும் வரும்போதும் தூக்கிச் சுமந்தது. பெரிய பட்டியல் உள்ள பக்கத்தில் பயனர் கண்ணில் படாத இந்த மூட்டையே பக்கத்தைவிடக் கனமாகிவிடும். டயல்-அப் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்று கண்டுபிடிக்க, பட்டனை இழுத்துப் போடத் தெரிந்தால் போதாது, இணையம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பிற்பாடு 2016-ல் ஏஎஸ்பி.நெட் கோர் வந்தபோது இந்த முறையை அதில் சேர்க்கவே இல்லை.

2016 மார்ச்சில் இன்னொரு கூத்து. எழுத்துகளுக்கு இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்கும் பதினொரே வரி கொண்ட லெஃப்ட்-பேட் என்ற சிறு பேக்கேஜை, அதை எழுதியவர் கோபத்தில் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் மற்றொன்று என்று நின்றிருந்த எத்தனையோ ப்ராஜெக்ட்டுகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் உடைந்தன. சில மணி நேரத்தில் சரி செய்தார்கள். ஆனால் அந்தப் பெயரை அன்றுதான் முதல்முதலில் கேள்விப்பட்டவர்களே அதிகம்.

சிரிக்க முடியாத சம்பவமும் உண்டு. ஈக்விஃபாக்ஸ் என்பது இங்கே சிபில் செய்வது போல் அமெரிக்காவில் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம். 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அறிவிக்கப்பட்டு, அதற்கான திருத்தமும் வெளியானது. ஈக்விஃபாக்ஸின் ஒரு தளத்தில் அந்த ஸ்ட்ரட்ஸ் திருத்தப்படாமலே கிடந்தது. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை வரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. ஓட்டை ஃப்ரேம்வொர்க்கில், மருந்தும் தயார். தன் வீட்டில் எந்த அலமாரியில் அது இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாததுதான் நோய்.

ஜி.எஸ்.டி. சாலையிலேயே ஒரு பாடம்

இந்த விவாதத்துக்கு வெளிநாட்டு உதாரணம் மட்டும்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996-ல் தொடங்கி, 2009-ல் பெயர் மாறிய ஜோஹோ, 2006-ல் ஜோஹோ கிரியேட்டர் என்ற சேவையைக் கொண்டு வந்தது. கட்டங்களை இழுத்துப் போட்டால் படிவமும், டேட்டாபேஸும், பட்டியல் பக்கமும் தயார். தனியாக ஏதாவது செய்ய வேண்டுமானால் டெல்யூஜ் என்ற சின்ன நிரல்மொழியில் சில வரி எழுதலாம்.

இது மேலே சொன்ன அளவுகோலுக்குப் பொருந்துகிறது. பயனர் கையில் ஆயிரம் வரியைத் திணிப்பதில்லை. அவர் எழுதிய சில வரிகள் மட்டும்தான் அவர் பொறுப்பு. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த வரிகள் அந்தச் சேவைக்குள் மட்டும்தான் ஓடும். நாளைக்கு வேறு இடம் போக வேண்டுமானால் தரவை எடுத்துக்கொண்டு போகலாம், நிரலைத் திரும்ப எழுத வேண்டும். இது ஜோஹோவுக்கு மட்டுமல்ல, இந்த வகைச் சேவைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு. சிறு வியாபாரிக்கு இந்த விலை கட்டுப்படியாகலாம். அவருக்கு நிரலாளர் சம்பளம் மிச்சம். தெரிந்து கொடுக்கும் விலையில் தப்பே இல்லை.

"கார் ஓட்ட இன்ஜின் தெரிய வேண்டுமா?" என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். இந்தப் பக்கத்து மாணவர்களிடம் இதைக் கேட்டால் பதில் சுலபம். 2022 வரை ஃபோர்டு கார் தயாரான மறைமலை நகர் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மேற்கே போனால் ரெனோ ஆலை உள்ள ஒரகடம். கார் வாங்கி ஓட்டுகிறவருக்கு இன்ஜின் தெரிய வேண்டாம்தான். ஆனால் அந்த ஆலைக்குள் வேலை செய்பவர் அப்படிச் சொல்ல முடியுமா? மெக்கானிக் சொல்ல முடியுமா? கல்யாண மண்டபக்காரர்தான் இங்கே கார் ஓட்டுபவர். நிரலாளர் மெக்கானிக். மெக்கானிக் ஓட்டுநரின் வசனத்தைப் பேசக் கூடாது.

இப்போது வந்திருக்கும் புது எந்திரம்

2021-ல் கிட்ஹப் கோபைலட்டும், 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தபிறகு பழைய சண்டை புது உருவம் எடுத்திருக்கிறது. வேண்டியதைச் சாதாரண பேச்சில் சொன்னால் போதும், முழு இணையதளத்தின் நிரலும் வருகிறது. வந்ததைப் படிக்காமலே ஓடவிட்டுப் பார்க்கும் வழக்கத்துக்கு 2025-ல் வைப் கோடிங் என்று பெயரே வந்துவிட்டது.

பழைய உற்பத்திக் கருவிக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ரெய்ல்ஸ் சாரம் எத்தனை முறை கட்டளையிட்டாலும் ஒரே மாதிரி நிரலைத்தான் தரும். ஓட்டை இருந்தால் எல்லாரிடமும் ஒரே ஓட்டை. ஒருவர் கண்டுபிடித்தால் எல்லாருக்கும் திருத்தம் வரும். புது எந்திரம் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு வேறு மாதிரி எழுதுகிறது. இல்லாத பேக்கேஜின் பெயரைக்கூட இருப்பது போலவே சில சமயம் எழுதிவிடுகிறது. அதில் உள்ள பிழை ஒருவருக்கே சொந்தமான பிழை. அதற்குத் திருத்தம் எங்கிருந்தும் வராது.

"கம்பைலர் தரும் எந்திர மொழியை இப்போது யார் படிக்கிறார்கள்? நாளைக்கு நிரலையும் யாரும் படிக்க மாட்டார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சி மொழிக்கு எழுதிவைத்த விதி உண்டு. இந்த வரிக்கு இதுதான் அர்த்தம் என்று கம்பைலர் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறது. "மண்டபத்துக்கு ஒரு புக்கிங் பக்கம் போடு" என்ற வாக்கியத்துக்கு அப்படி ஒரே அர்த்தம் கிடையாது. ஒரே தேதியை இரண்டு பேர் கேட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லையே! அந்த முடிவை எந்திரம் தானாக எடுத்துக்கொள்ளும். எடுத்தது என்ன முடிவு என்று நிரலைப் படித்தால்தான் தெரியும். படிக்காமல் விட்டால், ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண வீட்டார் வந்து நிற்கும்போது தெரியும்.

மாணவருக்கு இதில் என்ன?

இதில் அதிகம் இழக்கப் போவது மாணவர்கள்தான். ஏன்? வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் ஒரு புதியவர் செய்துவந்த வேலை என்ன? சின்னப் படிவம், சின்னப் பட்டியல், சின்னத் திருத்தம். அந்த வேலையைத்தான் இன்று எந்திரம் எழுதுகிறது. மிச்சம் இருப்பது படிப்பதும், பிழையின் மூலத்தைத் தேடிப் போவதும், "இது சரியில்லை" என்று காரணத்தோடு சொல்வதும்தான். எழுத மட்டும் தெரிந்தவருக்கு மவுசு குறைகிறது, படிக்கத் தெரிந்தவருக்குக் கூடுகிறது.

ஒரு குறிப்பிட்ட ஃப்ரேம்வொர்க்கை மட்டும் பிடித்துக்கொண்டவருக்கும் இதே கதிதான். ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது, 2021 முடிவோடு அதற்கான ஆதரவு நின்றது. 2016-ல் வந்து வகுப்பறைகளை நிறைத்த கிரியேட்-ரியாக்ட்-ஆப் கருவியை 2025 பிப்ரவரியில் அதன் பொறுப்பாளர்களே கைவிட்டார்கள். நாலு வருடப் படிப்பில் முதல் வருடம் கற்ற கருவி கடைசி வருடம் இருக்குமா என்றே உறுதியில்லை. ஆனால் பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபியும், டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல்லும் இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் அடித்தளத்தில் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு பக்கம், ப்ராஜெக்ட் சென்டர் என்ற பெயரில் கட்டணம் வாங்கிக்கொண்டு இறுதியாண்டு ப்ராஜெக்டை முழுதாகத் தயாரித்துக் கொடுக்கும் வியாபாரம் சென்னையிலும் புறநகரிலும் நெடுங்காலமாக உண்டு. அதுவும் ஒரு வகையில் தானாக வந்த நிரல்தானே! எந்திரத்துக்குப் பதில் கடைக்காரர், அவ்வளவுதான். வைவாவில் மனப்பாடம் செய்த நாலு பதில், அத்தோடு முடிந்தது. இன்று அந்தக் கடைக்கும் வேலை இல்லாமல் எந்திரம் இலவசமாகவே கொடுக்கிறது. கல்லூரிகள் தேர்வு முறையை மாற்றாவிட்டால் பட்டத்துக்கும் மதிப்பு இருக்காது, பட்டதாரிக்கும் இருக்காது.

மாற்றுவது ஒன்றும் கம்பசூத்திரம் அல்ல.

முதலில், எந்த ஃப்ரேம்வொர்க்கையும் தொடுவதற்கு முன் ஒரே ஒரு படிவத்தையாவது முழுக்கக் கையால் கட்டட்டும். பிரவுசர் அனுப்பும் கோரிக்கையை அதன் நெட்வொர்க் பகுதியில் திறந்து பார்க்கட்டும். ஒரு வாரத்து வேலை, ஆயுளுக்கும் உதவும்.

அடுத்து, தானாக வந்த நிரலைத் தனியாக அடையாளப்படுத்தி வைக்கும் பழக்கம். எந்தக் கட்டளை, கருவியின் எந்தப் பதிப்பு என்று குறித்து, வந்ததை வந்தபடியே முதலில் கிட்டில் சேமித்துவிட்டு, பிறகு கை வைக்க வேண்டும். அப்போதுதான் எது எந்திரம் எழுதியது, எது மனிதர் எழுதியது என்று பின்னால் வருபவருக்குத் தெரியும்.

மூன்றாவது, வைவா. "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதற்குப் பதில், தேர்வாளர் ஒரு ஃபைலைக் காட்டி, "இதை அழித்தால் எது நிற்கும்?" என்று கேட்கட்டும். பிறகு அழித்தே பார்க்கட்டும். கடையில் வாங்கியதும், எந்திரம் தந்ததும், படித்துப் புரிந்துகொண்டதும் ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிடும். எந்திரத்தின் உதவியை வாங்கியவர் சரியாகப் பதில் சொன்னால் அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பதில் தப்பே இல்லை.

கடைசியாக, தேவைக்கு ஏற்ற கருவி. நாலு பக்கம், ஒரு படிவம் உள்ள மண்டபத் தளத்துக்கு வெறும் எச்டிஎம்எல்லும் கொஞ்சம் பிஎச்பியும் போதும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டும் இடத்துக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட ஃப்ரேம்வொர்க்கே வேண்டும். கொசுவை அடிக்கப் பீரங்கியும் வேண்டாம், புலிக்கு எதிரே விசிறியும் வேண்டாம்.

கொத்தனார் சாரம் கட்டித்தான் ஏறுகிறார், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் எந்தக் கம்பை எப்போது உருவலாம் என்று அவருக்குத் தெரியும். தானாக வந்த நிரலும் அப்படித்தான். அது வரமா சுமையா என்பது அதை எழுதிய எந்திரத்தைப் பொறுத்ததல்ல. அதைத் திறந்து, "இந்த வரி எதற்கு?" என்று கேட்டு, பதிலும் சொல்லக்கூடிய ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அந்த ஆளாக இருக்கப் பழகுபவருக்கு எந்த ஃப்ரேம்வொர்க் வந்தாலும் போனாலும் வேலை இருக்கும்.